ராசம்மா உனக்காக நடக்கல

எய்யா,

இன்னும் ஒன்பது நாள்ல உனக்குக் கல்யாணம். வீடு நிறைய ஆளும் பேரும், பாய் விரிக்க இடமில்ல. உங்க அப்பா பந்தல்காரர்கிட்ட மலையாளத்துலயும் சமையல்காரர்கிட்ட தமிழ்லயும் மாத்தி மாத்திச் சண்டை போட்டுக்கிட்டு இருக்காவ. இந்த நேரத்துல அம்மா கதவைச் சாத்திக்கிட்டு என்னத்தை எழுதுதான்னு உங்க அக்கா ரெண்டு தரம் தட்டிப் பார்த்துட்டா. நேருல சொன்னா நீ சிரிச்சு மழுப்பிருவே, இல்லேன்னா நான் அழுது சொதப்பிருவேன், அதான் பேனாவை எடுத்தேன். நேத்து சாப்பிடும்போது சொன்னியே, கல்யாணத்தன்னைக்கு ராசம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு மைக்குல பேசப் போறேன்னு. 'வில்லுக்குறியில நான் விழுந்து கிடந்தப்போ இவங்கதான் வண்டியை விட்டு இறங்கி எனக்காக நடந்தாங்க, இல்லேன்னா கன்னியாகுமரி வரை ஓடியே இருக்க மாட்டேன்'னு சொல்லப் போறேன்னு. அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கல. நீ எங்க கவனிச்சே, லேகாவுக்கு போன் பண்ண எந்திரிச்சு ஓடிட்டே. எய்யா, ராசம்மா அன்னைக்கு உனக்காக நடக்கல. ஏன் நடந்தான்னு சொல்லுதேன், முழுசாப் படிச்சுட்டு அப்புறம் மைக்கைப் பிடி.

நீ காலேஜ் முதல் வருஷம் படிக்கையில எனக்கு மார்ல கட்டி வந்ததும், கேன்சர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆனதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அந்த வராந்தாவுல பாடப் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்தவனே நீதான். உங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்த நேரம் அது. தாய்க்கு இந்த வியாதின்னு ஒரு காதுல விழுந்தா போதும், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரை ஒரு வீட்டுக்காரனும் நம்ம வாசல் மிதிக்க மாட்டான்னு பயந்தோம். வீட்டுல நாலு பேரும் வாயைத் தச்சுக்கிட்டோம். ஆனா தலைமுடி நம்ம பேச்சைக் கேக்குமா? முதல் மருந்து ஏத்தி மூணாம் வாரம் கொத்துக் கொத்தாச் சீப்போட வந்துட்டு. அப்பதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்துச்சு. அப்பாவைக் கூட்டிக்கிட்டுத் திருச்செந்தூருக்குப் போய், மிச்சம் இருந்ததையும் மழிச்சுட்டு வந்து, நம்ம கடை இருக்கிற சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னேன்: 'வயித்துல ஒரு கட்டி இருந்துச்சு, செந்தூர் முருகனுக்கு நேர்ச்சை போட்டேன், கரைஞ்சு போச்சு, அதான் முடி கொடுத்தேன்.'

சாலைக்காரங்க லேசுப்பட்டவங்களா? ஜவுளிக்கடை மாமி முதல் நாளே பிடிச்சுக்கிட்டா. 'கட்டுக்கழுத்தி பூமுடி கொடுத்தாப் போதாதாடி, முழு மொட்டை என்னத்துக்கு?' ரெண்டு மாசம் ஆச்சு, மூணு மாசம் ஆச்சு, மொட்டையில ஒரு பூனைமுடி முளைக்கல. மருந்துதான் ஏறிக்கிட்டே இருக்கே! சரின்னு பழனிக்கும் ஒரு நேர்ச்சை இருந்ததாச் சொன்னேன். பிரசாதம் எங்கேன்னு கேப்பாங்களே, அதுக்காக உங்க அப்பா கடையை விட்டுட்டு பஸ் ஏறிப் பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வந்தாவ. அந்த மனுஷனுக்கு நான் செய்யச் சொன்ன கூத்து ஒண்ணா ரெண்டா. கடைசியில புருவமும் கொட்டிப் போச்சு. மாமி என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்துட்டு, 'ஏட்டி, இதை எந்தச் சாமிக்குக் கொடுத்தே?'ன்னு கேட்டா. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் நீயும் அக்காவும் உருண்டு புரண்டு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன், தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரிச்சேன். அந்த வருஷத்துல நம்ம வீட்டுல கேட்ட சிரிப்பே அதுதான், அதனால அந்தப் பொய்யை நான் தப்பா நினைக்கவே இல்ல.

ராசம்மாவை உனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். நம்ம பலசரக்குக் கடைப் பின்கட்டுல வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுறவ, பாறசாலைக்காரி, வாயைத் திறந்தா மூடத் தெரியாது. மத்தியானம் நான் கடைக்குப் போனா அவளுக்கு எதிர்த்தாப்ல ஒரு சாக்கை விரிச்சு உக்காந்துருவேன், ரெண்டு பேரும் தும்மிக்கிட்டே ஊர்க்கதை பேசுவோம். என் மொட்டைக் கதையைப் பாதிப் பேர் நம்புனாங்க, பாதிப் பேர் நம்புற மாதிரி தலையாட்டுனாங்க. உள்ளும் புறமும் நம்புனவ அவ ஒருத்திதான். எனக்கு முடியெல்லாம் வளர்ந்து, பின்னல் போடுற அளவுக்கு வந்தப்புறம், ஒரு நாள் அவ மொட்டைத்தலையோட கடைக்கு வந்து நின்னா. முகமெல்லாம் சிரிப்பு. 'எக்கா, நானும் செந்தூருக்குக் குடுத்துட்டேன்'னா. பிள்ளை பரீட்சைக்கு வேண்டியிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். எதுக்குடின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்னைக்கு லாரி வந்து சரக்கு இறங்கிக்கிட்டு இருந்துச்சு, என் புத்தி முழுக்க அங்க.

ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள், காம்பு கிள்ளிக்கிட்டே இருந்தவ, யாரும் இல்லையான்னு சுத்திப் பார்த்துட்டு மாராப்பை விலக்கிக் காட்டுனா. 'எக்கா, உங்களுக்குக் கரைஞ்சது மாதிரி எனக்கு ஏன் கரையல்ல?' எலுமிச்சங்கா அளவு இருந்துச்சு எய்யா. மிளகாய்க் கையைக்கூடக் கழுவாம அவளை ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். 'இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே'ன்னு டாக்டர் சொன்னாரு. அவளைப் பார்த்துத்தான் சொன்னாரு, எனக்குத்தான் நெஞ்சுல குத்துச்சு. முருகன் புண்ணியம், டாக்டர் புண்ணியம், பிழைச்சுட்டா. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துக் கை வீங்க ஆரம்பிச்சுட்டு. உனக்குத் தெரியும்லா, கொஞ்ச நேரம் காம்பு கிள்ளுனாலே கை கனத்துப் போய் மடியில தூக்கி வச்சுக்கிடுவா. அன்னைக்காவது நான் உள்ளதைச் சொல்லியிருக்கணும். சொல்லல. இந்த ஆஸ்பத்திரி உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவ கேட்டதுக்கு, தெரிஞ்ச டாக்டர் இருக்காருன்னு சமாளிச்சேன். உங்க அக்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சு, ஆனா அவ மாமியார் வீட்டுக்கு விஷயம் தெரியாதே, அடுத்தாப்ல உனக்குப் பொண்ணு தேடணுமேன்னு மனசு ஒவ்வொண்ணாச் சாக்கு எடுத்துக் கொடுத்துச்சு. அவ எதை நம்பி அந்தக் கட்டியை அத்தனை மாசம் உள்ளயே வச்சுக்கிட்டிருந்தாங்கிறதை உங்க அப்பாகிட்டகூட நான் சொன்னதில்ல.

இது நடந்து நாலு வருஷம் கழிச்சுத்தான் நீ ஓடப் போறேன்னு வந்து நின்னே. கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, விடியக்காலம் சங்குமுகம் கடற்கரையில ஓட்டம், சனி ஞாயிறு ஆனா கோவளம் வரை போயிட்டு வருவே. ஒரு நாள் கிழக்கேகோட்டையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே பகல்ல ஓடப் போறேன்னு சொன்னதும் உங்க அப்பா, 'பஸ் போகுதேல, பின்னே என்னத்துக்கு ஓடுதே?'ன்னு கேட்டாவ. நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவு இருக்கு. 'வியாதி இருக்கும்போது எல்லாரும் உதவுறாங்கப்பா, பிழைச்சு வந்தப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. செக்கப்புக்கு வர பஸ் காசு இல்லாம எத்தனையோ பேர் பாதியில நின்னுடறாங்க. வீங்குன கைக்குப் போடுற உறை வாங்க வழி இல்ல. அவங்களுக்குத்தான்.' எனக்கு அடி வயிறு குளுந்து போச்சு. இப்படி ஒரு பிள்ளையைப் பெத்திருக்கேனேன்னு பெருமை தாங்கல. அந்தப் பெருமை நீ நோட்டீஸைக் கையில கொடுக்குற வரைக்கும்தான்.

தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிச்சிருந்தே. நடுவுல கொட்டை எழுத்துல, 'என் அம்மா புற்றுநோயிலிருந்து மீண்டவர். அவருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் ஓடுகிறேன்.' நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துச்சு. 'ஊரு சிரிக்கவா பெத்தேன் உன்னை? உங்க அக்கா வாழணுமா வேண்டாமா?'ன்னு கத்துனேன், நோட்டீஸைக் கசக்கி உன் மூஞ்சியிலேயே எறிஞ்சேன். நீ ரெண்டு நாள் உக்காந்து அத்தனை நோட்டீஸ்லயும் அந்த வரியைக் கறுப்பு மையால அடிச்சே. எய்யா, நான் உன்னை அடிச்சிருந்தாக்கூட உனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னைத் தடுக்கல. அப்புறம் நடந்ததைப் பார்த்தியா, அந்த வரியை மையால அடிக்காம விட்டிருந்தா நாலு பேர் படிச்சிருப்பாங்க. அடிச்சதால சாலையே அதை வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் படிக்கப் பார்த்துச்சு. ராசம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. 'நம்ம பிள்ளை நமக்காவ ஓடுகான்'னு சொல்லி அவளும் ஒரு கட்டு வாங்கி, பாறசாலை பஸ்ஸுல ஏறுறவங்களுக்கெல்லாம் கொடுத்தா.

ஓட்டத்தன்னைக்கு அவ நம்ம கூட வந்தே தீருவேன்னு நின்னா. விடியறதுக்கு முன்னாடியே பழவங்காடிப் பிள்ளையாருக்கு அப்பா தேங்காய் உடைச்சாவ, நீ கிளம்புனே, நாங்க மூணு பேரும் கடை வேன்ல பின்னாடி வந்தோம். அப்பா ஓட்ட, நானும் ராசம்மாவும் பின்னால, உப்புப் போட்ட கஞ்சி, ஆரஞ்சு, ஒரு குடம் வெள்ளம். நேமம், பாலராமபுரம், நெய்யாத்தின்கரைன்னு நீ காத்தா போனே. களியக்காவிளை தாண்டி நம்ம பக்கம் தமிழ் போர்டு தெரிஞ்சதும் கையைத் தூக்கி ஆட்டுனே. மார்த்தாண்டத்துல வெயில் ஏறிட்டு. தக்கலையில உன் முகம் வெளுத்து, கால் இழுக்க ஆரம்பிச்சுட்டு. 'போதும், வண்டியில ஏறுல'ன்னு அப்பா கெஞ்சுனாவ, நீ காதுல வாங்கல. குமாரகோவில் முக்கு வந்துச்சு. முருகன் இருக்கிற மலைப் பக்கம் பார்த்து நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். ராசம்மா கும்பிடல. முகத்தைத் திருப்பிக்கிட்டா. 'என்னடி?'ன்னேன். 'எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டை உண்டு எக்கா'ன்னா.

அதுக்குள்ள நீ வில்லுக்குறியில ரோட்டோரம் மடங்கி விழுந்துட்டே. அப்பா வேனை ஓரங்கட்டிட்டு ஓடி வந்து, பைப்படிக்கு உன்னைத் தாங்கிட்டுப் போய்த் தலையில வெள்ளம் ஊத்திக் காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருந்தாவ. நானும் இறங்கப் போனேன், 'நீ வராதே, உன்னைப் பார்த்தா அழுவான்'னு அப்பா தடுத்துட்டாவ. வேன்ல நாங்க ரெண்டு பேரும்தான். ராசம்மா தன் வீங்குன கையைத் தடவிக்கிட்டே பேசுனா. 'உங்க முடியை எடுத்துட்டுக் கட்டியைக் கரைச்சான், என் முடியையும் எடுத்தான், என்னை மட்டும் ஏன் கைவிட்டான்? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன் எக்கா. நேர்ச்சை விரதத்துல ஒரு செவ்வாய்க்கிழமை, மறந்து ஒரு துண்டு சாளை மீனு தின்னுட்டேன். அதுக்காக்கும். அன்னையிலேருந்து நான் சாளை தொடுகதில்ல.'

நாலு வருஷம் எய்யா. அவளுக்குப் பிடிச்ச ஒரே மீனு அது. தன் உடம்புல வந்த வியாதிக்குத் தானே காரணம்னு நினைச்சு, ஒரு துண்டு மீனுக்காகத் தன்னையே தண்டிச்சுக்கிட்டு, என் எதிர்லயே உக்காந்து மிளகாய் கிள்ளியிருக்கா. எனக்கு அதுக்கு மேல தாங்கல. சொல்லிட்டேன். அழகாவும் சொல்லல, கொட்டிட்டேன். வயித்துல கட்டியே இல்ல ராசம்மா, மார்லதான், அதே ஆஸ்பத்திரி, அதே மருந்து, நேர்ச்சையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, முடி கொட்டுனதை மறைக்கத்தான் மொட்டை போட்டேன், என் பொய்யை நம்பித்தான் நீ கட்டியை வச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னேன். அவ என்னையே பார்த்தா. அடிப்பான்னு நினைச்சேன், அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 'எத்தற வருஷமாட்டு நான் அந்தச் சாமிகிட்ட சண்டை போட்டுட்டுக் கெடக்கேன்! ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா எக்கா?'ன்னு மட்டும் கேட்டா. கதவைத் திறந்து இறங்கிட்டா. என் கூட ஒரே வண்டியில உக்காரப் பிடிக்காமத்தான் இறங்குனா. ஊருக்குப் போற பஸ் வந்திருந்தா அதுல ஏறிப் போயிருப்பா. பைப்படியில நீ தலை தொங்கக் கிடக்கிறதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேக்கல. 'எந்திரி மக்களே, நடப்போம்'னு உன் கையைப் பிடிச்சுத் தூக்குனா. நீ நடந்தே, அப்புறம் பைய ஓடுனே, அவ உன் பின்னாலேயே செருப்பில்லாம வேகுற தார்ல வந்தா. நீ பாசம்னு நினைச்சே. எய்யா, பாதி பாசம், பாதி என் மேல உள்ள கோவம். அவ திரும்பி வேனைப் பார்க்கவே இல்ல. நான் கண்ணாடி வழியா அவ குதிங்காலைப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

பார்வதிபுரம் வந்ததும் கை கனத்துப் போய் நின்னுட்டா. நீ முன்னால போயிட்டே. அப்பா வேனை நிறுத்துனாவ. அவளே கதவைத் திறந்து ஏறி உக்காந்தா, மூச்சு வாங்கிட்டு, 'முதல்ல எனக்குச் சாளை வாங்கித் தாங்க'ன்னா. உங்க அப்பாவுக்கு ஒண்ணும் விளங்கல. 'ஓட்டம் நடக்கும்போது என்னத்துக்கு இவளுக்கு மீனு?'ன்னு முணுமுணுத்தாவ. நான் அழுதேன், அவ அழல. அவ என்னை மன்னிச்சுட்டாளான்னு கேக்காதே, நான் இது வரை கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. மறு வாரமே வழக்கம்போல எதிர்ல சாக்கை விரிச்சு உக்காந்தா, அது போதும் எனக்கு.

அதுக்கப்புறம் என் வியாதியை நான் யார்கிட்டயும் மறைக்கல, அதையும் உனக்குச் சொல்லணும். உங்க அக்கா மாமியாருக்கு நானே போன் போட்டேன். அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, 'எங்க நாத்தனாருக்கும் அதான், நாங்க அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்'னாங்க. எப்படி இருக்கு பாரு! ரெண்டு வீடும் ஒருத்தருக்கொருத்தர் பயந்து ஒளிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். லேகாவைப் பார்க்கப் போனப்போ, காப்பி ஆறுறதுக்குள்ள நான் வாயைத் திறந்துட்டேன், நீ என் காலை மிதிச்சது ஞாபகம் இருக்கா? அவ எந்திரிச்சு வந்து என் பக்கத்துல உக்காந்தா. அப்பவே எனக்கு நிம்மதி ஆயிட்டு. அவகிட்ட எதையும் ஒளிக்காதே எய்யா. பயந்தா பயமா இருக்குன்னு சொல்லு, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. அவ நல்லதுக்குன்னு நினைச்சு ஒரு பொய்யும் சொல்லிராதே, அந்தப் பொய் எவ வீட்டுல போய் விழும்னு உனக்குத் தெரியாது. மைக்குல என்ன பேசணும்னு ராசம்மாகிட்டயே இன்னைக்குக் காலையில கேட்டேன். 'உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க, கோவத்துலதான் நடந்தேன்'னா. அவ மேடையில ஏறும்போது நானும் கூட ஏறுவேன். என்னையும் சொல்லு. நீ அன்னைக்கு நோட்டீஸ்ல மையால அடிச்ச வரியை என் முன்னாடியே சத்தமாச் சொல்லு.

கடைசியா ஒண்ணு. கன்னியாகுமரியிலிருந்து திரும்பி வரும்போது நீ சீட்டுல சுருண்டு படுத்துக்கிட்டு, 'அம்மா, நான் வந்து சேர்ந்ததைப் பார்த்தியா?'ன்னு கேட்டே. 'கண்ணு நிறையப் பார்த்தேன் ராசா'ன்னு சொன்னேன். அதுவும் பொய்தான். சுசீந்திரம் தாண்டுனதும் ராசம்மா என் பக்கம் நகர்ந்து வந்து, 'எக்கா, மருந்து ஏத்துன நாள்ல உங்களுக்கும் வாயெல்லாம் இரும்பு மாதிரி ருசிச்சுதா?'ன்னு மெதுவாக் கேட்டா. 'ஆமாடி'ன்னேன். அவளுக்கு மல்லிப்பூ வாசம் ஆகாமப் போச்சாம், எனக்குத் தேங்காய் எண்ணெய். ஆபரேஷன் பண்ணுன இடத்தைப் பார்க்கப் பயந்து அவ கண்ணை மூடிக்கிட்டுத்தான் குளிப்பாளாம். நானும் அப்படித்தான் எய்யா, ஒரு வருஷம் கண்ணைத் திறக்காமத்தான் குளிச்சேன், உங்க அப்பாகிட்டகூடச் சொன்னதில்ல. கடற்கரைக்கு வந்து வேன் நின்னது எங்களுக்குத் தெரியல. அப்பா இறங்கிப் போனது தெரியல. ஜனம் கைதட்டுனது கேக்கல. அப்பா ஓடி வந்து கண்ணாடியைத் தட்டி, 'ஏட்டி, பிள்ளை வந்து சேர்ந்து பத்து நிமிஷம் ஆச்சு, ரெண்டு பேரும் உள்ள என்னடி பண்ணுதீக?'ன்னு கத்துனாவ. நீ ஓடி முடிச்சதை நாங்க பார்க்கல, எய்யா. பேசிக்கிட்டு இருந்தோம்.

அம்மா